தானாக மாறியது

வயர் இல்லாத மவுஸில் இத்தனை ஜாதி உண்டு என்று இன்று மத்தியானம் மூன்று மணி வரை செண்பகவல்லிக்குத் தெரியாது. கடைக்காரர் பீர் முகம்மது கண்ணாடி மேஜை மேல் நான்கை எடுத்துப் பரப்பிவிட்டு, "லேப்டாப்புல எத்தனை போர்ட்டுக்கா இருக்கு?" என்று கேட்டார். இரண்டு என்றாள். ஒன்றில் கைரேகை மெஷின், இன்னொன்றில் பிரிண்டர், அதற்கு மேல் ஈ நுழைய இடமில்லை. பக்கவாட்டில் சின்னதாக மூன்றாவது ஒன்று இருக்கிறது, ஆனால் அதில் காலையிலேயே சார்ஜர் ஏறி உட்கார்ந்துகொள்ளும், பிடுங்கினால் கால்மணி நேரத்தில் லேப்டாப் கண்ணை மூடிவிடும். இந்த ஒல்லி லேப்டாப்பைப் பார்க்கும்போதெல்லாம் அவளுக்கு எரிச்சல் வரும். பழையது தடியாக, அசிங்கமாக இருந்தது, ஆனால் வேண்டியதையெல்லாம் சொருக ஓட்டை இருந்தது. அவள் வேலை பார்க்கிற சேவை மையத்தை நடத்துகிற பிரம்மநாயகம் அண்ணாச்சிக்குத்தான் கவுண்டரில் அழகாக ஒன்று வேண்டுமாம், மாற்றிவிட்டார். "அப்ப இந்த ஒண்ணு ஒங்களுக்கு ஆவாதுக்கா," என்று பீர் முகம்மது ஒன்றை ஒதுக்கினார். "இதோட ரிசீவர்னு நகத்தளவு ஒரு துண்டு வரும், அதைச் சொருக எடம் வேணும். நீங்க புளூடூத்துல போயிருங்க. ஒண்ணுஞ் சொருக வேண்டாம், தானா புடிச்சிக்கிடும்." தானா. அந்தச் சொல்லில் அவள் மனது போய் மாட்டிக்கொண்டது. நான்கு நாளாக அவள் வாயில் இருப்பதும் இதே சொல்தான். தானா மாறிடுச்சு அண்ணாச்சி, நான் சரியாத்தான் போட்டேன், மவுஸு இல்லாம அந்தத் தேய்க்கிற பலகையில விரல் வச்சா அது பாட்டுக்குத் துள்ளுது, கீழ இறக்கும்போது தானா மாறியிருக்கு. எவ்வளவு நன்றாகச் சொன்னாள். அண்ணாச்சி அதை அப்படியே தாலுகா ஆபீசுக்குக் கடிதமாக அடித்து, மையத்தின் முத்திரையும் குத்தி, "மவுஸ் இல்லாததுதான காரணம், போயி ஒண்ணு வாங்கிட்டு வா, பில்லையும் சேத்து வச்சிருவோம்" என்று அனுப்பியிருக்கிறார். அந்தப் பில்லுக்காகத்தான் இந்த அலைச்சல்.

முதலாவதை உள்ளங்கைக்குள் வைத்துப் பார்த்தாள். வழுவழுவென்று, சின்னதாக, பிள்ளைகள் கைக்கு உரியது. இரண்டாவது கனம். "அதுக்குள்ள ரெண்டு பாட்டரி கிடக்குக்கா, அதான்," என்றார் பீர் முகம்மது. "ஆறு மாசம் வரும். மொதல்ல பாத்தீங்களே, அது சார்ஜ் போடுறது, ஆனா சார்ஜ் போட மறுபடி ஒரு போர்ட் வேணும், நீங்கதான் போர்ட்டுக்கே அல்லாடுறீங்க." அவர் பேசுவது கேட்கத்தான் செய்தது. கேட்டுக்கொண்டே அவள் மனதுக்குள் சுபாஷினியின் பெயரை அடித்துக்கொண்டிருந்தாள். கருத்தப்பாண்டி மகள் சுபாஷினி, வயது இருபத்திரண்டு, குடும்ப அட்டையில் மூன்றாவது பெயர். கல்யாணமாகிப் போகிற பெண்ணின் பெயரைப் பிறந்த வீட்டு அட்டையிலிருந்து எடுத்தால்தான் புருஷன் வீட்டு அட்டையில் சேர்க்க முடியும். வாரத்தில் பத்து பேருக்காவது அவள் செய்கிற வேலை. உறுப்பினர் நீக்கம் என்று தட்ட வேண்டும், பெயரைத் தொட வேண்டும், காரணம் என்ற கட்டத்தைத் திறக்க வேண்டும், பட்டியல் விழும், அதில் திருமணத்தைத் தொட வேண்டும். பட்டியலில் திருமணத்துக்கு நேர் கீழே இறப்பு. எந்தப் புண்ணியவான் இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தானோ. போய்ச் சேர்ந்தது இறப்பு. அதைவிடக் கூத்து, அதனோடு ஆதாரமாக அவள் ஏற்றி அனுப்பியது கல்யாணப் பத்திரிகை. மஞ்சள் தடவிய பத்திரிகை, அதில் நிச்சயதார்த்த மாலையோடு பெண்ணின் படம், மேலே காரணம் இறப்பு. அந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த யாரோ ஒருவர் டீ குடித்துக்கொண்டே சரி என்று தட்டிவிட்டார். ஐந்தாம் நாள் சுபாஷினி செத்துப்போனாள். புருஷன் வீட்டார் சேர்க்கப் போன இடத்தில், அம்மா, இந்தப் பேர்ல உயிரோட யாரும் இல்லையே என்று சொல்லியிருக்கிறார்கள்.

அட்டையைத் திருத்துவது பெரிய விஷயமில்லை. மனு எழுதி, அலுவலகத்துக்கு நாலு நடை நடந்தால் திருத்திவிடலாம். பெண்ணை யார் திருத்துவது. தாலி கட்டி இருபத்தேழு நாளில், வந்த மருமகள் பெயருக்கு நேராக இறப்பு என்று விழுந்திருக்கிறது என்று கேட்டதும் அந்த மாமியார் சங்கரவடிவு, பிள்ளையைக் கூட்டி வந்து கருத்தப்பாண்டி வீட்டு வாசலில் விட்டுவிட்டுப் போய்விட்டாள். இன்று காலையில் கருத்தப்பாண்டி மையத்துக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று செண்பகவல்லி நினைத்தாள். மனிதர் கும்பிட்டார். "அக்கா, சம்மந்தி ஒண்ணே ஒண்ணுதான் கேக்காக. இது மனுசங்க கைத்தப்பா, இல்ல தானா விழுந்ததா. கைத்தப்புன்னா மனுசன் செய்யுறதுதான, விட்டுருவோங்காக. தானா விழுந்துச்சுன்னா அது சகுனம், அதுக்கு மேல அந்தப் பிள்ளைய வீட்டுல வச்சிக்கிட முடியாதுங்காக. நாலு மணிக்கு அவுகளே வாராக, ஒங்க வாயால கேக்கணுமாம்." பக்கத்தில் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "எங்க ஆளு சுத்தமான ஆளு பாத்துக்கிடுங்க, பதினோரு வருசமா ஒரு தப்பு கிடையாது. அது மெஷின் கோளாறு. தானா மாறினதுதான்." கருத்தப்பாண்டியின் முகம் அப்போது எப்படிச் செத்தது என்பதைச் செண்பகவல்லி மட்டும்தான் பார்த்தாள். வேலையைக் காப்பாற்ற அவள் கண்டுபிடித்த பொய்தான் அந்தப் பெண்ணைப் புருஷன் வீட்டிலிருந்து வெளியே தள்ளியிருக்கிறது. தள்ளிக்கொண்டே இருக்கிறது. இப்போது சுவர்க் கடிகாரத்தில் மூன்றேகால்.

"இதுல ஓட்டிப் பாருங்கக்கா," என்று பீர் முகம்மது தன் லேப்டாப்பைத் திருப்பி வைத்தார். திரையில் ஏதோ ரயில் டிக்கெட் படிவம் பாதி நிரப்பி நின்றது. அதிலும் ஒரு கட்டம், அதைத் திறந்தால் ஊர்களின் பட்டியல் விழுகிறது. ஒருவேளை. ஒருவேளை நிஜமாகவே மாறியிருக்குமோ. பொய் என்று நினைத்துச் சொன்னது உண்மையாகவே இருந்துவிட்டால் எவ்வளவு நிம்மதி. மதுரையைத் தொட்டாள், கட்டம் மூடியது, மவுஸின் சக்கரத்தைக் கீழே உருட்டினாள். பக்கம் நகர்ந்தது. மதுரை மதுரையாகவே இருந்தது. வேகமாக உருட்டினாள். மேலும் கீழும் உருட்டினாள். மவுஸை வைத்துவிட்டுத் தேய்க்கிற பலகையில் இரண்டு விரலை வைத்து இழுத்தாள், அந்த நாளில் எப்படி இழுத்திருப்பாளோ அப்படி, வியர்த்த விரலோடு, அவசரத்தோடு. மதுரை. அடுத்த மவுஸை எடுத்தாள். "அது சத்தமே வராதுக்கா, ஆபீசுக்கு நல்லது," என்றார். மதுரை. கனமான மவுஸ், மதுரை. வேண்டுமென்றே கையை உதறிப் பார்த்தாள், புறங்கையால் பலகையைத் தேய்த்தாள், பீர் முகம்மது என்னமோ போல் பார்த்தார். பன்னிரண்டு தடவை செய்தாள். ஒரு தடவைகூட மதுரை கீழே இறங்கி மணியாச்சி ஆகவில்லை. மெஷின் எவ்வளவு நாணயமாக இருக்கிறது. தொட்டதைத் தொட்டபடி வைத்திருக்கிறது. யாரோ திறந்து, யாரோ தேடி, யாரோ அமுக்கினால்தான் மாறுகிறது. அது அவளுக்குத் தெரியும். முதல் நாளே தெரியும். மூன்று மவுஸை வைத்து அதை அசைத்துப் பார்க்கிறாள், அவ்வளவுதான்.

சுபாஷினியின் பெயரை எடுத்த அன்று காலையில் ஒன்பதரைக்கு, ஷட்டரைத் தூக்கி, சாமி படத்துக்குப் பூ வைத்து, கூட்டம் வருவதற்கு முன்னால் அவள் தன் அட்டையைத் திறந்தாள். மூன்று பெயர். அவள் வீட்டுக்காரர், அவள், கோமதி. கோமதி போய் அன்றோடு மூன்று வருஷம். நாலு நாள் காய்ச்சல், வெறும் காய்ச்சல், திங்கட்கிழமை கல்லூரிக்குப் போய்விட்டு வந்து தலை வலிக்குது என்று படுத்தவள், வெள்ளிக்கிழமை ஆஸ்பத்திரியில் பச்சைப் போர்வைக்குள் கால் தெரியக் கிடந்தாள். பத்தொன்பது வயது. அந்தக் காலில் கொலுசைக் கழற்றச் சொன்னார்கள், கழற்ற வரவில்லை, வீங்கியிருந்தது, அதை நினைக்கக் கூடாது. ஊரில் இருக்கிற அத்தனை பேர் வீட்டுச் சாவையும் அட்டையிலிருந்து எடுத்துத் தருகிறவள், தன் வீட்டில் எடுக்கவில்லை. மாதாமாதம் கோமதிக்கும் சேர்த்து அரிசி வருகிறது. அதைத் தனிப் பாத்திரத்தில் கொட்டி வைக்கிறாள். வண்டு விழுந்ததும் கோழி வளர்க்கிற வீட்டுக்குக் கொடுத்துவிடுகிறாள். அந்த அரிசியை உலையில் போட அவளால் முடியாது, வேண்டாம் என்று சொல்லவும் முடியாது. வெளியே தெரிந்தால் இதற்கே வேலை போகும். வீட்டுக்காரர் ஒரே ஒரு தடவை, "பேரை எடுத்துருவமா?" என்று கேட்டார். அவள் சாப்பிட்ட தட்டோடு எழுந்து போனாள், பிறகு அவர் கேட்கவில்லை. அன்று காலையில்தான், மூன்று வருஷம் ஆயிற்றே, எத்தனை நாளைக்கு என்று நினைத்து, உறுப்பினர் நீக்கம், பெயர், காரணம் என்று திறந்து, திருமணத்தைத் தாண்டி அடுத்ததைத் தொட்டாள். கோமதி, இறப்பு. இரண்டும் ஒரே வரியில் நின்றன. எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று தெரியாது. அனுப்பு என்ற பொத்தானை அமுக்கவில்லை. அதை அமுக்க வேண்டிய நேரத்தில், "அக்கா, வரலாமா?" என்று கருத்தப்பாண்டி வந்து நின்றார். மூடினாள், மறுபடி திறந்தாள், கை போன வழியிலேயே மறுபடியும் போயிற்று. அவ்வளவுதான் நடந்தது. கை கற்றுக்கொண்டதைச் செய்தது. வழக்கம்போல எல்லாவற்றையும் படித்துக் காட்டினாள், சரியா பாத்துக்கிடுங்க அண்ணாச்சி என்றாள், பெயர் சுபாஷினி, காரணம் திருமணம் என்று அவள் வாய் சொன்னது. கண் எதைப் பார்த்தது என்பதுதான் இன்னும் விளங்கவில்லை.

அவ்வளவுதானா. கருத்தப்பாண்டி அன்று சிரித்துக்கொண்டே இருந்தார். "வீட்டுல ஒரு பேரு குறையுதுல்லாக்கா, சங்கடமாத்தான் இருக்கு," என்று சிரித்தார். ஒரு பேர் குறைவதற்குச் சிரிக்கிறானே என்று அவளுக்கு நெஞ்சில் ஒன்று கிளம்பியது. திரையில் பெண்ணின் பிறந்த வருஷத்தைப் பார்த்தாள், கோமதியின் வருஷம். பத்திரிகைப் படத்தில் அந்தப் பெண் காதில் ஜிமிக்கி, வாயெல்லாம் பல். இவள் மட்டும். ஆமாம், இவள் மட்டும் என்று நினைத்தாள். நினைத்ததும் கை அமுக்கியதும் ஒரே நேரமா, முன்னே பின்னேயா. வயிற்றெரிச்சலில் செய்தேனா. அந்தப் பிள்ளை எனக்கு என்ன செய்தது. இல்லை, கை தவறிப்போனதுதான். தவறிய கை ஏன் சரியாக அந்த ஒரு வரியில் போய் நின்றது. கீழே இன்னும் நாலு காரணம் இருக்கிறதே, வெளிநாடு போனது, தனி அட்டை வாங்கியது, அதிலெல்லாம் விழவில்லையே. இப்படி நினைத்துப் பார்க்கும்போது அவளுக்கே அவள் கையைக் கண்டு பயமாக இருந்தது. மேஜை மேல் மவுஸைப் பிடித்தபடி அது பாட்டுக்கு இருந்தது, மணிக்கட்டில் மஞ்சள் கயிறு, நகத்தில் மை. நாலு மணிக்கு என்ன சொல்லப்போகிறாய். தானா மாறிடுச்சு என்றால் வேலை இருக்கும், அண்ணாச்சி மதிப்பார், அந்தப் பெண் அப்பன் வீட்டுக் கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து கிழவியாவாள். நான்தான் செய்தேன் என்றால் அவளுடைய ஐடியை இன்றைக்கே முடக்குவார்கள், நாற்பத்தேழு வயதில் வேறு எந்தக் கவுண்டர் அவளுக்காகக் காத்திருக்கிறது. வேலை போனால் போகட்டும். ஏன் செய்தாய் என்று கேட்பார்களே, அதற்குப் பதில் சொல்லும்போது கோமதியைச் சொல்ல வேண்டுமே. மூன்று வருஷமாகக் கோமதியையும் சாவு என்ற சொல்லையும் அவள் வாய் சேர்த்துச் சொன்னதில்லை. துக்கம் கேட்டு வந்தவர்களிடம்கூட, இப்படி ஆயிருச்சு என்றுதான் சொன்னாள். "எதை எடுக்கட்டும்க்கா?" என்றார் பீர் முகம்மது. சத்தம் வராததைக் காட்டினாள். அவர் பில் எழுத உட்கார்ந்தபோது அவள் போன் அடித்தது.

கருத்தப்பாண்டிதான். அவர்கள் முன்னதாகவே வந்துவிட்டார்களாம். மையத்துக்குள் கால் வைக்க மாட்டேன் என்று சங்கரவடிவு தெருவில் வேப்பமரத்தடியில் நிற்கிறாளாம். அண்ணாச்சி கடிதத்தைக் கொண்டுபோய்க் கொடுத்தாராம், அந்தம்மா அதை யாரையோ விட்டுப் படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, பாத்தீகளா, இவுகளே எழுதியிருக்காக, தானா விழுந்ததுன்னு, இனி பேச்சில்ல என்று கிளம்பப் பார்க்கிறாளாம். "அக்கா, ஒங்களக் கும்பிட்டுக் கேக்கேன்," என்றார் அவர். "நெசமாவே தானாவா மாறுச்சு?" பீர் முகம்மதுவின் பேனா தாளில் ஓடுகிற சத்தம் கேட்டது. இல்லை என்று சொல்ல ஒரு நொடிகூட ஆகவில்லை, இதற்குத்தானா இத்தனை நாள் என்று அவளுக்கே ஆச்சரியமாக இருந்தது. "இல்ல அண்ணாச்சி. நாந்தான் போட்டேன். அந்தம்மாகிட்ட போனக் குடுங்க. எங்க அண்ணாச்சியும் கேக்கட்டும், ஸ்பீக்கர்ல போடுங்க." கொஞ்ச நேரம் தெருச் சத்தம், ஒரு மினி பஸ்ஸின் ஹாரன், பிறகு கனத்த பெண் குரல். "ஒங் கைதானா?" "எங் கைதாம்மா." "மெசினு இல்லியே? ஒம் முதலாளி மெசினுங்காரு." "மெசினு ஒண்ணுஞ் செய்யலம்மா. நாந்தான் அதைத் தொட்டு அமுக்குனேன். பயந்துகிட்டுப் பொய் சொன்னேன்." பின்னால் பிரம்மநாயகம் அண்ணாச்சி, "செம்பகம், என்ன பேசுத நீ?" என்று கத்துவது கேட்டது. சங்கரவடிவு அவரைச் சட்டை செய்யவில்லை. "எதுக்குப் போட்டே? அதச் சொல்லு."

சொல்லிவிடலாம் என்றுதான் வாயைத் திறந்தாள். அன்னைக்கு எம் மக திதிம்மா, அவ பேர்ல போட்ட கையோட ஒங்க மருமக பேர்லயும் போட்டுட்டேன். நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அப்போது அந்தச் சொற்கள் வேப்பமரத்தடியில் நிற்கிற அந்தம்மாவின் காதில் போய் எப்படி விழும் என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. பிள்ளையைப் பறிகொடுத்தவள், பறிகொடுத்த திதியில், அதே கையால், மஞ்சள் காயாத பெண்ணின் பெயரில் எழுதியிருக்கிறாள். சகுனமாவது கோயிலுக்குப் போய் ஒரு தேங்காய் உடைத்தால் தீரும். இதற்கு எங்கே போவது. அந்தப் பெண்ணின் பெயர் மேல் கோமதியைக் கொண்டுபோய்ப் படுக்க வைத்ததாக ஆகும். செண்பகவல்லி போனை மறு காதுக்கு மாற்றினாள். "கவனமில்லாமச் செஞ்சிட்டேம்மா. போனைப் பாத்துக்கிட்டே அமுக்கிட்டேன்." "போனா?" என்று சங்கரவடிவு வெடித்தாள். ஒரு பிள்ளை வாழ்க்கையை வைத்துப் போன் பார்த்தாயா, சம்பளம் வாங்குகிறாயா என்ன வாங்குகிறாய், நாலு நாளாய் என் வீட்டில் உலை வைக்கவில்லை தெரியுமா, என் மகன் என்னோடு முகம் கொடுத்துப் பேசவில்லை தெரியுமா என்று அந்தம்மா கேட்கக் கேட்க, செண்பகவல்லி ஆமாம்மா, தப்புத்தாம்மா என்றாள். பீர் முகம்மது பில்லை நீட்டிக்கொண்டு நின்றார். திட்டித் தீர்த்த பிறகு அந்தக் குரல் தணிந்தது. "நீயும் பிள்ள பெத்தவதான? பொட்டப்பிள்ள இருக்கா ஒனக்கு?"

செண்பகவல்லி கண்ணாடி மேஜையைப் பிடித்துக்கொண்டாள். "இருக்கா," என்றாள். "என்ன வயசு?" "இருபத்திரெண்டு." "கட்டிக் குடுத்துட்டியா?" "இல்லம்மா. படிச்சிக்கிட்டிருக்கா." பிறகு சங்கரவடிவு, போனைத் தள்ளிப் பிடித்து, கருத்தப்பாண்டியிடம் சொல்வது போல, "கைத்தப்புதான், சரி. வெளக்கு வைக்கதுக்குள்ள பிள்ளைய அனுப்பி வைங்க," என்றாள். கருத்தப்பாண்டி அழுகிற சத்தம் கேட்டது. போனை வைக்கப்போகிறாள் என்று செண்பகவல்லி நினைத்தபோது அந்தக் குரல் திரும்பி வந்தது, இப்போது கோபமில்லாமல், ஒரு பெண்ணைப் பெற்றவளிடம் பேசுகிற குரலாக. "ஒம் மகளுக்கும் நல்ல எடமா அமையட்டும். கல்யாணத்துக்குச் சொல்லி விடு, வாரேன்."

"சொல்லுதேம்மா," என்றாள் செண்பகவல்லி.